பன்னிரண்டரை மணிக்கு ஒரு கட்டில்

என் மகனுக்குத் தூக்கம் வரப்போகிறது என்பதை முதலில் சொல்வது அவன் இடது காதுதான். லேசாகச் சிவக்கும். பிறகு அவனே அதைப் பிடித்துத் திருகிக்கொண்டு என் தோளில் முகத்தைத் தேய்ப்பான். அதிலிருந்து எனக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் படுக்க வைத்துவிட்டால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். தவறவிட்டால் அன்று சாயங்காலம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

டிஸ்னி வேர்ல்டுக்குப் போக ஒர்லாண்டோவில் ஓட்டல் தேடியபோது இந்தக் காதை நினைத்துத் தேடியிருக்க வேண்டும். முதல் தடவை நான் பார்த்ததெல்லாம் விலை, நட்சத்திரம், காலைச் சாப்பாடு இலவசமா, நீச்சல் குளம் உண்டா என்பவைதான். அத்தனையும் இருந்தன. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில். ஒர்லாண்டோவுக்குக் காரில் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நயாகராவுக்கு அடுத்தபடியாகக் கிளம்பும் இடம் அதுதான். அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் என் அம்மா கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது, மகனுக்குப் பதினாலு மாதம். 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிஸ்னியில் நுழைவுச்சீட்டு தேவையில்லை. அதனால் சின்னவன் விவரம் தெரியாமல் இருக்கும்போதே போய்வந்துவிடலாம் என்று செப்டம்பரில் கிளம்பினோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டல், இரவுக்குத் தொண்ணூறு டாலரைச் சொச்சம். பூங்காவுக்கு இலவச ஷட்டில் உண்டு என்று போட்டிருந்தார்கள். காரை ஓட்டலிலேயே விட்டுவிட்டால் பார்க்கிங் காசும் மிச்சம் என்று கணக்குப் போட்டோம்.

முதல் நாள் மேஜிக் கிங்டம், டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் பூங்காக்களில் ஒன்று. காலை நன்றாகத்தான் போனது. பன்னிரண்டு பத்துக்குக் காது சிவந்தது. வாசலில் வாடகைக்கு எடுத்த தள்ளுவண்டியில் உட்கார வைத்து வேகமாக வெளியே வந்தோம். வருகிற வழியிலேயே கண்ணை மூடிவிட்டான். வாசலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது: அந்த வாடகை வண்டி பூங்காவை விட்டு வெளியே போகக் கூடாது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை அங்கேயே விட்டோம். அடுத்து படகுக்கு வரிசை. படகில் ஏரியைத் தாண்டினால் ஷட்டில் வரும் இடம். ஒன்றே காலுக்கு வரவேண்டிய வண்டி இரண்டு மணிக்கு வந்தது. நடுவில் மழை. ஃப்ளோரிடாவில் கோடை முழுக்க மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக அடிக்கும். செப்டம்பரிலும் அது விடவில்லை. அம்மா முந்தானையால் பேரன் தலையை மூடிக்கொண்டு நின்றார். "பச்சப்புள்ள ஏட்டி, இப்படி அலைக்கழிக்கலாமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அறைக்கு வந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. கட்டிலில் முதுகு பட்டதும் விழித்துக்கொண்டான். இராத்திரி எட்டு வரை அழுதான். திரும்பிப் பூங்காவுக்குப் போவதாவது! மாலைக் காட்சிகள், விளக்கு அலங்காரம், வாணவேடிக்கை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஏறக்குறைய இதே கதைதான். அம்மாவுக்குப் பெரியவர்களுக்கான முழுச் சீட்டு வாங்கியிருந்தோம். அவர் பாதி நேரம் பஸ் நிறுத்தத்திலும் மீதி நேரம் ஓட்டல் அறையிலுமாகக் கழித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

திரும்பி வந்து ஒரு மாதம் இதை விடாமல் யோசித்தேன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அந்த இடத்தின் அமைப்பே பிடிபட்டது.

டிஸ்னி வேர்ல்டை ஒரு பூங்கா என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் போகிறோம். அது ஏறக்குறைய 40 சதுர மைல் நிலம். உள்ளே நான்கு பெரிய பூங்காக்கள்: 1971இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் ஹாலிவுட் ஸ்டுடியோஸ், 1998இல் அனிமல் கிங்டம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மைல்கணக்கில் தூரம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் மேஜிக் கிங்டம்தான். உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகள் அங்குதான் அதிகம். ஆனால் வெளியிலிருந்து வருகிறவருக்கு அடைய அதிக நேரம் பிடிக்கும் பூங்காவும் அதுவே. காரை நிறுத்தும் இடமும் வெளி வண்டிகள் இறக்கிவிடும் இடமும் ஏரிக்கு இந்தப் பக்கம். பூங்கா அந்தப் பக்கம். அந்த ஏரி வெட்டி உண்டாக்கியது. படகில் தண்ணீரைத் தாண்டியோ, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலில் ஏரியைச் சுற்றியோதான் பெரும்பாலும் வாசலைத் தொடுகிறார்கள். வெளியுலகத்தை விட்டுவிட்டு வேறொரு உலகத்துக்குள் நுழைகிற உணர்வு அந்தப் பயணத்தில் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு அது அழகு. மதியம் பன்னிரண்டரைக்கு, தோளில் பதினோரு கிலோவோடு, வேதனை.

ஆகவே ஓட்டலுக்கு ஒரே ஒரு கேள்வி வைத்தேன். பூங்கா வாசலில் பிள்ளை தூங்கிவிட்டால், தள்ளுவண்டியை மடக்காமல், அவனை எழுப்பாமல், கட்டில் வரை கொண்டு சேர்க்க எத்தனை நிமிடம்? காலையில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். காலையில் பிள்ளைகள் உற்சாகமாக இருக்கும். பத்து நிமிடம் கூடினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. மதியம் திரும்பும் நேரத்தைத்தான் கேட்க வேண்டும்.

மடக்குவது ஏன் பெரிய விஷயம் என்றால், நாங்கள் போனபோது டிஸ்னியின் பஸ்களில் தள்ளுவண்டியை மடக்கித்தான் ஏற வேண்டியிருந்தது. மடக்க வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்க வேண்டும், பை, தண்ணீர்ப் பாட்டில், டயப்பர் எல்லாவற்றையும் ஒரு கையில் அள்ள வேண்டும். மோனோரயிலிலும் பெரிய படகிலும் அந்தத் தொல்லை இல்லை, அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். ஸ்கைலைனர் என்கிற தொங்கு வண்டியும் அப்படித்தான். 2019 செப்டம்பரில் அதைத் தொடங்கினார்கள். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா ஆகிய ஓட்டல்களிலிருந்து அது எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகிறது. இதில் பாப் செஞ்சுரி விலை குறைந்த வகை. அங்கே ஒரு கட்டிலைச் சுவரோடு மடித்துவிடலாம். பகலில் தவழ்கிற பிள்ளைக்குத் தரை கிடைக்கும். ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் குடும்ப அறைகள் உண்டு: ஆறு பேர் படுக்கலாம், இரண்டு குளியலறை, மைக்ரோவேவ் வைத்த சின்ன சமையல் மூலை. தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதி ஏது! ஆனால் ஸ்கைலைனர் மேஜிக் கிங்டத்துக்குப் போவதில்லை, மின்னல் அடித்தால் நிறுத்திவிடுவார்கள். எங்கள் கேள்விக்கு அங்கேயும் பஸ்தான் பதில்.

மோனோரயில் ஓட்டல்கள் மூன்று: காண்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். மூன்றும் ஏரியைச் சுற்றி இருக்கின்றன, மூன்றும் மேஜிக் கிங்டத்துக்குப் பக்கம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ரயில் வட்டமாக ஒரே திசையில் ஓடுகிறது. பூங்காவை விட்டால் முதல் நிறுத்தம் காண்டெம்பரரி, அடுத்து கார் நிறுத்துமிடம், பிறகு பாலினீசியன், அதன்பின் கிராண்ட் ஃப்ளோரிடியன், திரும்பவும் பூங்கா. பாலினீசியனில் தங்குகிறவருக்குக் காலையில் இரண்டாவது நிறுத்தத்தில் பூங்கா வந்துவிடும். மதியம் திரும்பும்போது மூன்றாவது நிறுத்தம் வரை உட்கார வேண்டும். கிராண்ட் ஃப்ளோரிடியனுக்கு ரயிலில் திரும்புவதென்றால் நான்காவது நிறுத்தம். ஆனால் அங்கிருந்து பூங்காவுக்கு நடைபாதை இருக்கிறது. காண்டெம்பரரிக்கு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வாசலை விட்டு வெளியே வந்து பக்கத்து நடைபாதையில் தள்ளுவண்டியை உருட்டினால் பத்து நிமிடத்தில் கட்டடம்.

விலை? நாங்கள் பார்த்த தேதிகளில் ஒரு இரவுக்கு 500 டாலருக்கு மேல். அதற்கு மேலே பன்னிரண்டரை சதவீதம் வரி. என் கணவர் திரையைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து கேட்டார்: "நாலு நாள் போகணும்னு யார் சொன்னா?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. நாலு இரவு தூரத்தில் தங்குவதற்குப் பதில் இரண்டு இரவு பக்கத்தில். மூன்று நாள் சீட்டுக்குப் பதில் ஒரே ஒரு நாள் சீட்டு. பூங்காச் சீட்டில் மிச்சமானதைக் கட்டிலில் போட்டோம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு பூங்காவும் வேண்டாம். ஒரு ராட்டினத்தில் மூன்று தடவை சுற்றினால் போதும், அவன் நாள் நிறைந்துவிடும். இதை நான் மனமாரச் சொல்கிறேன்: காசு அளவாக இருக்கிற குடும்பம் நாளைக் குறைக்கலாம், தூரத்தைக் கூட்டக் கூடாது.

பிப்ரவரியில், அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பு போனோம். காண்டெம்பரரி ஓட்டலின் தோட்டப் பக்கத்துக் கட்டடத்தில் அறை. பிரதான கோபுரத்தைவிட அது கொஞ்சம் விலை குறைவு, நடை கொஞ்சம் கூடுதல். அறையில் இரண்டு பெரிய கட்டில்கள். 3 வயதுக்குள் இருக்கும் குழந்தை தொட்டிலில் படுத்தால் ஆள் கணக்கில் வராது; தொட்டிலைக் கேட்டால் இலவசமாகவே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதனால் நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில் இருக்க முடிந்தது. தொட்டிலுக்கு விரிக்க வீட்டிலிருந்து பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து எடுத்துப் போயிருந்தேன். அந்த வாசனைக்கு அவன் உடனே அடங்கிவிடுவான்.

முன்பதிவு செய்யும்போது படங்களில் தெரியாத சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறைக்கதவு எங்கே திறக்கிறது என்பது ஒன்று. விலை குறைந்த வகை ஓட்டல்களில் பெரும்பாலும் கதவைத் திறந்தால் நேரே வெளிநடை. கீழே அழுத்தினால் திறக்கும் கைப்பிடியை ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். மேல்தாழ் இருக்கிறதா, அது யார் கைக்கு எட்டும் என்று பார்க்க வேண்டும். குளியலறையில் தொட்டி இருக்கிறதா, ஷவர் மட்டுமா என்பது இன்னொன்று. ஷவர் தண்ணீர் முகத்தில் பட்டால் என் மகன் கத்திக் கூப்பாடு போடுவான். நாங்கள் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கையோடு கொண்டுபோனோம். எந்தப் பயணத்துக்கும் அதுதான் எங்கள் முதல் சாமான். சன்னல் திரை முழு இருட்டுத் தருமா என்பதும் முக்கியம். மேஜிக் கிங்டத்துக்கு இவ்வளவு பக்கத்தில் தங்கினால் இரவு வாணவேடிக்கைச் சத்தம் அறைக்குள்ளேயே கேட்கும். போனில் மின்விசிறிச் சத்தத்தை ஓட விட்டுத்தான் படுக்க வைத்தோம்.

தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. 2016 ஜூனில் இந்த ஏரிக் கரையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை முதலை இழுத்துக்கொண்டு போனது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு கரையோரம் பாறைகளும் தடுப்புகளும் எச்சரிக்கைப் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் சாயங்காலம் ஏரி மணலுக்குப் பிள்ளைகளை நான் விடவே இல்லை. நீச்சல் குளம் போதும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூங்காவுக்குள் வெளிச்சாப்பாட்டை அனுமதிக்கிறார்கள், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. அறையில் குளிர்பெட்டி உண்டு. அம்மா புளியோதரை கிண்டி வந்திருந்தார். தயிர்சாதத்துக்குப் பால் கூடுதலாக ஊற்றிப் பிசைந்து, வழியெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். மேஜிக் கிங்டத்தில் பிரதான வீதி முடிகிற இடத்தில், இடது பக்கமாக, குழந்தை பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. டயப்பர் மாற்ற மேசை, பால் கொடுக்கத் தனி இடம், சூடுபண்ண மைக்ரோவேவ், உட்கார்த்தி ஊட்ட உயர நாற்காலி. ஏசி வேறு. அம்மா அங்கே உட்கார்ந்து பேரனுக்குத் தயிர்சாதம் ஊட்டியபோது பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் பேத்திக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்து திறந்து காட்டினார்கள்.

போய்ச் சேர்ந்த நாளுக்குப் பூங்காச் சீட்டு வாங்கவில்லை. அறை கொடுப்பதே மதியம் மூன்று மணிக்குத்தான். எட்டு மணி நேரக் கார்ப் பயணம் முடிந்த பிள்ளைகளைப் பூங்காவுக்குள் இழுத்துப்போவது பாவம். அன்றைக்கு அந்தக் கட்டடத்தையே சுற்றிப் பார்த்தோம். காண்டெம்பரரியின் நடுக்கூடத்துக்குள் மோனோரயில் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. நாலாவது மாடியில் நின்றால் தலைக்கு மேலே ஓடும். முதல் ரயில் உள்ளே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, கட்டடத்துக்குள்ளயே ரயில விடுதான் பாரேன்!" சின்னவன் கழுத்தை முழுக்கச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மறைந்ததும் "இன்னு" என்றான். இன்னொன்று வந்தது. "இன்னு." ஏழு ரயில் பார்த்தோம். ஒரு காசு செலவில்லை.

அந்தக் கூடத்தின் நடுவே மேரி பிளேர் என்ற ஓவியர் வடிவமைத்த சுவர்ச் சித்திரம் ஒன்று சுமார் 90 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. முழுக்க ஓடுகளால் ஆனது. பழங்குடிப் பிள்ளைகள், பறவைகள், பூக்கள், ஆடுகள். அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால் என்று எங்கோ படித்திருந்தேன். மகளிடம் அதைத் தேடச் சொன்னேன். அவளும் ஆச்சியும் அண்ணாந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு ஆடாக விரலை நீட்டி எண்ணி, இருபது நிமிடம் கழித்து "ஆச்சி, அஞ்சு! அஞ்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேசைகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் பூங்கா. டிஸ்னி ஓட்டல்களில் தங்குகிறவர்களை அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். ஆறு மணிக்கே எழுந்து உட்காருகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்த அரை மணி பொன். கூட்டம் சேருவதற்குள் பறக்கும் யானை ராட்டினத்தில் இரண்டு தடவை, குதிரை ராட்டினத்தில் ஒரு தடவை. பன்னிரண்டு இருபதுக்கு இடது காது சிவந்தது. இந்த முறை சொந்தத் தள்ளுவண்டி. மேல்மூடியை இழுத்துவிட்டு உருட்ட ஆரம்பித்தேன். வாசல் தாண்டும்போது மணி பன்னிரண்டு இருபத்தைந்து, அவன் தூங்கியிருந்தான். நடைபாதையில் மரநிழல். சக்கரம் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அறையில் பருத்திச் சேலை விரித்த தொட்டிலில் அவனை மாற்றியபோது மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டான். அம்மாவும் மூட்டுவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தார். கணவர் மகளோடு பூங்காவிலேயே இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடித்தேன். வெளியே எங்கோ ரயில் போனது.

நாலு மணிக்கு எல்லோரும் திரும்பப் போனோம். அம்மா வாணவேடிக்கையை முழுக்கப் பார்த்தார்.

ஆல்ஃபரெட்டாவுக்குக் கிளம்பும் நாள் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஓட்டலுக்கு ஒரு நடை போனோம். அங்கே தங்காவிட்டாலும் உணவகத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். சனா என்ற உணவகத்தின் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். நாண் ரொட்டி வகைகளோடு தொட்டுக்கொள்ள ஒன்பது சட்னி, ஊறுகாய், கூட்டு மாதிரியானவை தருகிறார்கள். அம்மா புளிச் சட்னியை ருசி பார்த்துவிட்டு "வெல்லம் கூடிப்போச்சு" என்றார், ஆனால் கிண்ணம் காலி. பிள்ளைகள் பகல் தூக்கத்தை விட்ட பிறகு தங்குவதற்கு அருமையான இடம் அது. பஸ்ஸை மட்டுமே நம்பி இருப்பதால் அதற்கு முன் நான் துணிய மாட்டேன்.

அந்தக் காலம் எங்களுக்கு வந்துவிட்டது. சின்னவன் மூன்று வயதைத் தொட்ட மாதம் பகல் தூக்கம் நின்றது. காதும் இப்போதெல்லாம் சிவப்பதில்லை. கேள்வியும் மாறிவிட்டது: பூங்காவில் எத்தனை மணி நேரம் இருக்கலாம், இராத்திரி எதில் திரும்பலாம். வருகிற அக்டோபருக்கு பாப் செஞ்சுரியில் ஐந்து இரவு பதிவு செய்திருக்கிறேன், ஸ்கைலைனர் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்று குறிப்பு எழுதி. கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி கேட்டிருக்கிறேன். தொட்டில் கேட்கவில்லை.